போர் விமானிக்குத் தைச்ச சட்டை நமக்கு அளவில்லை

"இந்தியா சொந்தமாப் பயிற்சி விமானம் செஞ்சிட்டான். அதுல நாலஞ்சு நம்மட விமானப்படைக்கு வந்தா, அவங்க பழகின நேரம் போக மிச்ச நேரத்துல நம்மட புள்ளைகளும் பழகலாமே. சல்லியும் மிச்சம்."

விமானியாகிற கனவோட இருக்கிற கூட்டாளிமார் நாலு பேர் சேர்ந்தா இந்தக் கதை வராமல் இருக்காது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கணக்குப் போட்டுப் பார்த்தா ஒரு இடத்திலயும் இது ஒட்டவில்லை.

முதல்ல அந்த விமானத்தைப் பார்ப்போம். பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் செய்யும் எச்.டி.டி-40, 2016 மே மாதம் முதன்முதலாகப் பறந்தது. 2023 மார்ச்சில் இந்திய விமானப்படைக்கு 70 விமானங்கள் வாங்க ஒப்பந்தம் போட்டார்கள். பெறுமதி 6,800 கோடி இந்திய ரூபாய்க்கு மேல். சிமுலேட்டர், மற்றக் கருவிகள் எல்லாம் சேர்ந்த கணக்குத்தான் இது. ஆனாலும் வகுத்துப் பாருங்க, ஒரு விமானத்துக்குக் கிட்டத்தட்ட 97 கோடி வருது. இதுல எங்க இருக்கு மலிவு?

இயந்திரம் அமெரிக்க ஹனிவெல் கம்பெனியின் டர்போபுரொப். வலு 950 குதிரைவலு அளவில். உலகம் முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளில் ஓடுகிற செஸ்னா 152க்கு வெறும் 110. மாணவனும் ஆசிரியரும் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக உட்காருகிறார்கள். ஆபத்து வந்தால் விமானியை வெளியே வீசுகிற, வெடிமருந்து வச்ச ஆசனம் இருக்கு. குட்டிக்கரணம் அடிக்கவும் தலைகீழாகப் பறக்கவும், நாளைக்கு ஜெட் போர் விமானத்தில் ஏறப்போகிறவரைப் பழக்கவும் செய்த சாமான் இது.

நம்மட புள்ளைக்கு என்ன தேவை? வணிக விமானி அனுமதிப்பத்திரத்துக்கு, வழமையான பாதையில், 200 மணித்தியாலம் பறக்க வேணும். பிறகு எயார்பஸ்ஸிலோ போயிங்கிலோ இன்னொரு விமானிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவரோட கதைச்சு, வேலையைப் பங்குபோட்டு ஓட்ட வேணும். மணித்தியாலக் கட்டணம் குறையக் குறையத்தான் நடுத்தரக் குடும்பத்துப் புள்ளைக்குக் கதவு திறக்கும். 950 குதிரைவலு அந்தக் கதவைச் சாத்துற சாமான்.

இதுக்கு ஒரு எதிர்க்கேள்வி வரும்: சிப்மங்க் ராணுவப் பயிற்சி விமானம்தானே, அது பறக்கும் கழகங்களுக்கும் போகவில்லையா? போனது. 1951இல் தொடங்கின நம்மட ரோயல் சிலோன் விமானப்படையின் முதல் விமானங்களே சிப்மங்க்தான். ஆனா அதன் வலு 145 குதிரைவலு. அதே 1951இல் இந்தியாவில் வி.எம். காட்கே வடிவமைச்சுப் பறந்த எச்.டி-2க்கு 155. அந்தக் காலத்தில் படைக்கும் கழகத்துக்கும் தேவை கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. இப்ப ரெண்டும் ரெண்டு வழியில போயிட்டு.

இதை இந்தியாவே ஒத்துக்கொண்ட மாதிரித்தான் இருக்கு. அதே பெங்களூரில் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் ஹன்சா என்று தனியாக ஒரு சிவில் பயிற்சி விமானம் செய்திருக்கு. பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஆசனம், சின்ன ரோட்டக்ஸ் இயந்திரம். அதன் புதிய வடிவம் 2021 செப்டம்பரில் பறந்தது. உள்நாட்டுத் தயாரிப்பு என்ற பெருமை வேணுமென்றால் அதைக் கேளுங்க.

செலவை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. 2009இல் ஒரு விபத்துக்குப் பிறகு, இயந்திரக் கோளாறுக்குப் பேர்போன எச்.பி.டி-32 பயிற்சி விமானங்கள் எல்லாத்தையும் இந்திய விமானப்படை தரையிறக்கியது. 2012இல் சுவிட்சர்லாந்திடமிருந்து 75 பிலாட்டஸ் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. படை சம்பளம் கொடுக்கும், காத்திருக்கும், வேறு விமானம் வாங்கும். வாப்பா காணி வித்து, உம்மா நகை அடகு வச்சுச் சேர்ந்த புள்ளை எத்தனை வருஷம் காத்திருக்கும்?

விபத்து நடந்தா யார் விசாரிப்பது? 2020 டிசம்பரில் கந்தளாய்ப் பக்கம் நம்மட விமானப்படையின் பி.டி-6 விழுந்து ஒரு பயிற்சி விமானி இறந்தார். 2023 ஓகஸ்ட்டில் சீனக்குடாவில் இன்னொன்று விழுந்து ரெண்டு பேர் மௌத்தானார்கள். இப்படியான விபத்துகளைப் படை தானே விசாரிக்கும். 1944 சிகாகோ உடன்படிக்கையின் 3ஆம் உறுப்புரை, ராணுவ விமானம் அரச விமானம், இந்த விதிகள் அதுக்கில்லை என்று தெளிவாகச் சொல்லுது. சிவில் விபத்தில் சுயாதீன விசாரணை கேட்க ஒரு சர்வதேச ஒழுங்கு இருக்கு. படை விமானத்தில் ஏறுகிற புள்ளை அந்தப் பாதுகாப்புக்கு வெளியில நிற்குது.

போர்க்காலத்தில் ஆகாயத்தில் சத்தம் கேட்டாலே பதறின கரை இது. நம்மட புள்ளைகள் பறக்கப் படிப்பதற்கும் படை முகாமின் வாசலில்தான் பெயர் பதிய வேணுமா? சேவைக்குப் போறவர் போகட்டும், அது அவர்ட தெரிவு. ஆனா சிவில் தொழிலுக்கான பாதை சிவிலாகத்தான் இருக்க வேணும்.

அப்ப என்ன கேட்பது? விமானப் பயிற்சிப் பள்ளிகள் பெரும்பாலும் இரத்மலானையைச் சுற்றித்தான் இருக்கு. கல்முனைப் புள்ளை இரவு பஸ் ஏறி, கொழும்பில் அறை வாடகை கட்டி, அதுக்குப் பிறகுதான் பறப்புக் கட்டணத்தைப் பற்றி யோசிக்க வேணும். மட்டக்களப்பு ஓடுபாதையோ நம்மட வீட்டிலிருந்து 40 கிலோமீற்றர் சொச்சம். சிவில் பறப்புக்கென்று அதைத் திறந்து வருஷங்கள் ஆச்சு. அங்க ரெண்டு ஆசனச் சின்ன சிவில் விமானங்களோட ஒரு பயிற்சிப் பள்ளி வேணும். காணி உறுதி கேட்காத கல்விக் கடன் வேணும். ஏ.எல். விஞ்ஞானம் படிச்ச கிழக்கு மாகாணப் புள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, வருஷத்துக்குச் சில புலமைப்பரிசில் வேணும்.

அடுத்த தேர்தலுக்கு வோட்டுக் கேட்டு வாறவர்களிடம் இந்த மூன்றையும் கேளுங்க. போர் விமானம் தாறோம் என்று சொன்னா, எங்களுக்கு ஓடுபாதையைத் தாங்க என்று சொல்லுங்க.