நீங்கள் சோதித்தது ப்ராக்ஸியை

ஸ்ரீவில்லிபுத்தூர் நண்பனுக்கு போன் போட்டு, "பால்கோவா கடை திறந்திருக்கா?" என்று கேட்கிறீர்கள். அவன் எட்டிப் பார்த்து, "திறந்திருக்குப்பா" என்கிறான். இதில் தெரிந்தது என்ன? கடை திறந்திருக்கிறது, அவ்வளவுதான். ராஜபாளையத்திலிருந்து உங்களுக்கு பஸ் உண்டா என்பதற்கு இதில் பதிலே இல்லை.

இணைய முகவரியின் புதிய முறையான ஐபிவி6-ல் தங்கள் தளம் திறக்கிறதா என்று ப்ராக்ஸி வழியாகப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஓகே" என்று எழுதிக் கொடுப்பவர்கள் செய்வது இதைத்தான். தளத்தைத் தேடிப் போவது ப்ராக்ஸி. உங்கள் கணினி அல்ல. நீங்கள் ப்ராக்ஸியை அடைந்ததே பழைய ஐபிவி4 வழியில் இருக்கலாம். புதிய வழி அடைபட்டிருந்தால், ப்ராக்ஸியும் சத்தமில்லாமல் பழைய வழிக்குத் தாவியிருக்கலாம். பக்கம் திரைக்கு வந்துவிடும். எந்த வழியில் வந்தேன் என்று அது சொல்லாது.

"வந்துச்சுல்ல, அப்புறம் என்ன?" என்பார்கள். அப்புறம்தான் எல்லாமே இருக்கு. ஐபிவி4-ல் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. அதனால் இணைய நிறுவனங்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் பல பேரை நிறுத்துகின்றன. அதில் எவனோ ஒருவன் சேட்டை செய்தால், தளம் அந்த முகவரியையே தடுத்துவிடக்கூடும். மாட்டுவது, கடைசி நாளில் கல்லூரி விண்ணப்பம் நிரப்புகிற ராஜபாளையத்துப் பெண். அவள் என்ன தப்பு செய்தாள்?

இந்தியத் தொலைத்தொடர்புத் துறை ஐபிவி6-க்கான முதல் செயல்திட்டத்தை வெளியிட்டது 2010 ஜூலையில். இன்று ஊர்ப்பக்கத்து மொபைல்களில்கூட ஐபிவி6 ஓடுகிறது. பயனர் வந்து நிற்கிறார். தளக்காரர்தான் இன்னும் வரவில்லை.

ப்ராக்ஸியே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐபிவி6 இல்லாத இணைப்பில் இருப்பவருக்கு அது ஒரு முதல் எட்டிப்பார்ப்பு. சான்றிதழ் அல்ல. தளத்தின் பெயருக்கு ஏஏஏஏ பதிவு இருக்கிறதா பாருங்கள். ப்ராக்ஸியை அணைத்துவிட்டு, சாதாரண மொபைல் இணைப்பில், ஐபிவி6 மட்டும் என்று கட்டாயப்படுத்தித் திறங்கள். முகப்போடு நிற்காமல் லாகின், படம், கட்டணப் பக்கம் வரை போங்கள். பிறகு சர்வரின் பதிவேட்டைப் புரட்டுங்கள். அதில் அந்த மொபைலின் ஐபிவி6 முகவரி இருந்தால் பேசலாம். ப்ராக்ஸியின் முகவரி இருந்தால், நீங்கள் சோதித்தது ப்ராக்ஸியை.