இரண்டு விநாடி மௌனம்

வானொலியில் இரண்டு விநாடி மௌனம் பெரிய குற்றம். ஒலிவாங்கி திறந்திருக்கும்போது சத்தம் வரவில்லை என்றால், தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முறைப்பார். அப்படிப்பட்ட வேலையில் இருக்கும் நான், என் கார் மூன்று மாதமாகக் காட்டிய இரண்டு விநாடி மௌனத்தைக் கண்டுகொள்ளவே இல்லை.

காலையில் ‘ஆர்’ போட்டால் கார் உடனே பின்னால் நகராது. கொஞ்சம் யோசிக்கும். பிறகு ‘டொக்’ என்று ஒரு குலுக்கல். “அப்பா காலத்துக் கார்தானே” என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

போன பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குக் கிளம்பினேன். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். மிதியை அழுத்த அழுத்த இஞ்சின் அலறியது, கார் ஏறவில்லை. கருகிய வாடை வேறு. பின்னால் லாரியின் ஹாரன். வளைவைத் தாண்டி ஓரங்கட்டிவிட்டு, இழுவை வண்டி வரும்வரை வெயிலில் நின்றோம். அம்மா முந்தானையால் சின்னவனுக்கு விசிறிக்கொண்டே இருந்தார்.

பட்டறையில் ஃபோர்மேன் அண்ணன் கேட்டார்: “இஞ்சின் ஆயில் எப்பம்மா மாத்துனீங்க?”

“போன மாசம்தாண்ணே,” என்றேன் பெருமையாக.

“கியர் ஆயில்?”

இந்த முறை மௌனம் என்னுடையது. 130,000 கிலோமீட்டர் ஓடிய கார். ஒருமுறைகூட மாற்றியதில்லை. கிளட்ச் தட்டுகள் கருகிப் போயிருந்தன. அம்மாவைக் காசிக்கு அழைத்துப் போகச் சேர்த்து வைத்திருந்த சில ஆயிரம் ரிங்கிட், கியர் பெட்டிக்குள் போனது.

எண்ணெய்க்கு அங்கே என்ன வேலை?

மேனுவல் காரில் நம் கால் செய்யும் வேலையை ஆட்டோ காரில் எண்ணெய் செய்கிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழலவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? இஞ்சினின் சக்தி கியர் பெட்டிக்குள் போவதும் ஏறக்குறைய அப்படித்தான். காற்றுக்குப் பதில் எண்ணெய். கியர் மாறும்போது கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிப்பது எண்ணெயின் அழுத்தம். தேய்மானத்தைக் குறைப்பதும், சூட்டை வெளியே கொண்டுபோவதும் அதே எண்ணெய்தான்.

அதற்கு எமன் சூடு. கூட்டரசு நெடுஞ்சாலையில் மாலை நெரிசல், மலையேற்றம், வண்டி நிறைய ஆட்களும் சாமான்களும் எல்லாம் அதன் ஆயுளைத் தின்னும். ‘ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்’ என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுள் என்று கேளுங்கள். பல பட்டறைகள் சொல்லும் கணக்கு 40,000 கிலோமீட்டர். உங்கள் காரின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே முடிவு. அதில் ‘கடுமையான பயன்பாடு’ என்று தனி அட்டவணை இருந்தால், நம்மில் பலருக்கும் அதுதான் பொருந்தும்.

சிராப், கோப்பி ஓ, பாண்டுங்

ஃபோர்மேன் அண்ணன் சொல்லித் தந்த பாடம் இது. புது எண்ணெய் பெரும்பாலும் சிராப் தண்ணீர் மாதிரி தெளிந்த சிவப்பு. கோப்பி ஓ மாதிரி கறுத்து, கருகிய வாடை வந்தால் தாமதித்துவிட்டீர்கள். பாண்டுங் மாதிரி பால் கலந்த ரோஸ் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ரேடியேட்டர் பக்கம் கசிந்திருக்கலாம், வெள்ளத்தில் ஓட்டியதாலும் இருக்கலாம். அதற்குமேல் ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்வதே நல்லது. சில கார்களின் எண்ணெய் புதிதாக இருக்கும்போதே பச்சை, மஞ்சள் நிறங்களில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இஞ்சின் எண்ணெய் போல இது எரிந்து குறையாது. அளவு குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். கார் நிறுத்தும் இடத்தில் சிவப்புக் கறை தெரிகிறதா பாருங்கள். அளவுக் கம்பி உள்ள கார்களில் பலவற்றை இஞ்சின் சூடாகி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும், சிலவற்றை அணைத்தவுடன். கம்பியே இல்லாத கார்களும் உண்டு. அவற்றைப் பட்டறையில்தான் பார்க்க முடியும்.

மாற்றும்போது

அடித் திருகைக் கழற்றினால் பழைய எண்ணெய் முழுவதும் வராது. மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான் வடியும். மீதி உள்ளேயே தங்கிவிடும். அதனால் சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை வடித்து ஊற்றுவார்கள். பல ஆண்டுகள் கவனிக்காத கியர் பெட்டியை இயந்திரம் வைத்து ஒரேயடியாக அலசச் சொன்னால், அனுபவமுள்ள இன்னொருவரிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

முக்கியமாக, எண்ணெயின் ரகம். 2021 கடைசியில் வந்த மைவியில் சிவிடி கியர். அதற்கு முந்தைய ஆட்டோ மைவிகளில் 4 கியர். சாகாவில் நேர்மாறு: 2016-இல் வந்தது சிவிடி, 2019-இல் 4 கியர். பெயர் ஒன்றுதான், எண்ணெய் வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றதில் ஊற்றினால் கியர் பெட்டியே கெட்டுப்போகும். ஊற்றும் முன் டின்னில் உள்ள பெயரையும் சர்வீஸ் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

காலத்தோடு மாற்றியிருந்தால் எனக்குச் சில நூறு ரிங்கிட்டோடு முடிந்திருக்கும். காசிப் பணத்தைப் பற்றி அம்மா இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வெளியூர் கிளம்பும்போது, காரில் ஏறி உட்கார்ந்ததும் ஒன்று கேட்கிறார்: “கியர் ஆயிலு பாத்தியாம்மா?”

உங்கள் காரையும் நாளைக் காலை ‘ஆர்’ போட்டுப் பாருங்கள். அது யோசித்தால், நீங்களும் யோசியுங்கள்.