சில்வர் பே என்ற ஊரிலும் கொஞ்சம் இறங்குங்கள்

சுப்பீரியர் ஏரியில் படகுப் பயணம் போய் வந்தவர்களின் ஆல்பத்தைப் பார்த்திருக்கிறீர்களா? முதலில் ஒரு கலங்கரை விளக்கம். அப்புறம் ஒரு சூரிய உதயம். அப்புறம் இன்னொரு கலங்கரை விளக்கம். நான் பார்த்த ஆல்பங்கள் எல்லாம் இந்த ரகம்தான்.

அழகில்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் சுமார் 82,000 சதுர கிலோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. அதிகபட்ச ஆழம் 406 மீட்டர். ஏரி என்று பெயர் வைத்ததே தப்போ என்று தோன்றும்.

மினசோட்டாவின் டுலூத்தில் கிளம்பி வடகரையை ஒட்டிப் போனால் வரிசையாகத் துறைமுக ஊர்கள். டுலூத்தில், கப்பல் வந்தால் அப்படியே மேலே எழும்பும் பாலம். அடுத்து டூ ஹார்பர்ஸ். மினசோட்டாவின் இரும்புத்தாது முதன்முதலில் கப்பலேறியது இங்கேதான், 1884இல். கொஞ்சம் தள்ளி, செங்குத்துப் பாறை மேல் ஸ்பிலிட் ராக் கலங்கரை விளக்கம். 1905 நவம்பர் புயலில் கப்பல்கள் பல சேதமானதால் 1910இல் கட்டியது. ஆல்பம் பெரும்பாலும் இங்கே முடிந்துவிடும்.

இன்னும் சில மைல் போனால் சில்வர் பே. (பேய் இல்லை, பே. வளைகுடா!) என் கட்சி, இங்கேதான் கட்டாயம் இறங்க வேண்டும் என்பது.

இது 1950களில் ஒரு ஆலைக்காகவே உருவான ஊர். ரிசர்வ் மைனிங் என்ற நிறுவனம் டாக்கனைட் பாறையை மாவாக அரைத்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, உருண்டையாக்கிக் கப்பலேற்றியது. மூன்று டன் பாறைக்கு ஒரு டன் உருண்டை. மிச்சம் இரண்டு டன்? ஏரிக்குள்! ஒரு கட்டத்தில் தினமும் 67,000 டன் வரை. எல்லாம் ஆழத்துக்குப் போய்ப் படிந்துவிடும் என்றார்கள். நுண்ணிய தூளோ தண்ணீரோடு மிதந்து போனது. 1973இல் டுலூத்தின் குடிநீரில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற இழைகள் இருப்பது தெரியவந்தது.

அது உடம்புக்கு எவ்வளவு கெடுதல் என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே அப்போது ஒத்த கருத்து இல்லை. 1974 ஏப்ரலில் நீதிபதி மைல்ஸ் லார்ட் ஆலையை மூடச் சொன்னார். மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வேலை கேள்விக்குறியானது. மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டே நாளில் தடை கொடுத்து ஆலையைத் திறந்துவிட்டது. வழக்கு இழுத்து இழுத்து, 1980இல்தான் ஏரியில் கொட்டுவது நின்றது. நிலத்தில் கொட்டுவது முடியாத காரியம் என்று வாதாடிய அதே நிறுவனம் கடைசியில் நிலத்தில்தான் கொட்டியது!

அந்த ஊர்க்காரர்களை வில்லனாக்க எனக்கு இஷ்டமில்லை. சம்பளம் அந்த ஆலையில், குடிநீர் அந்த ஏரியில். வேலையா தண்ணீரா என்று கேட்டால் பாவம், என்ன சொல்வார்கள்? அந்தக் கேள்வியே தப்பு என்பதுதான் எனக்குப் படுகிறது. 1986இல் நிறுவனம் திவாலானது உண்மை. ஆனால் அப்போது அமெரிக்க எஃகுத் தொழிலே படுத்துக் கிடந்தது. பிறகு வேறு நிறுவனம் வாங்கி ஆலையை மறுபடி ஓட்டியது, ஏரியில் கொட்டாமலே.

"லீவில் போய் யாராவது ஃபேக்டரியைப் பார்ப்பார்களா?" என்று நண்பன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் 1975இல் 29 பேரோடு மூழ்கிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பலின் கதையை இதே பயணத்தில் ஆர்வமாகக் கேட்கிறோமே? புயல் செய்த கொடுமை என்றால் காது கொடுக்கிறோம். மனிதன் செய்தது என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். இத்தனைக்கும் புயலை நம்மால் நிறுத்த முடியாது; இதை நிறுத்த முடிந்தது.

இன்னொரு கணக்கு. இந்த ஏரிக்குள் வரும் தண்ணீர் வெளியேறச் சராசரியாக 191 ஆண்டுகள் ஆகும் என்கிறார்கள். ஆலை கொட்ட ஆரம்பித்தது 1955 வாக்கில். அந்த வருடம் வந்த தண்ணீருக்கு விடுதலை 2146இல்! இங்கே செய்யும் தப்பு பேரன் பேத்தி காலம் தாண்டியும் கூடவே இருக்கும்.

இன்று படகின் விளிம்பில் சாய்ந்து "தண்ணி என்னமா இருக்கு!" என்கிறோமே, அது முழுக்க இயற்கை கொடுத்ததல்ல. கொஞ்சம் கோர்ட்டில் மல்லுக்கட்டி வாங்கியது. அதனால் கலங்கரை விளக்கத்தை நாலு போட்டோ எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்தாவதை சில்வர் பேயில் எடுங்கள். யாராவது "இது என்ன ஊர்?" என்று கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் ஒரு கதை இருக்கும் :-)