சொந்த மாடிக்கு எதற்கு அனுமதி என்பவர்களுக்கு

“சொந்த மனை, சொந்தப் பணம். மேலே ஒரு போர்ஷன் எடுக்க யாரைக் கேட்க வேண்டும்?” இந்தக் கேள்வி எழாத தெரு தமிழ்நாட்டு நகரங்களில் இல்லை. மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும், அல்லது ஓய்வுக்குப் பிறகு வாடகை வந்தால் நல்லது என்று தோன்றியிருக்கும். மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்த அடுத்த வாரமே வாசலில் மணல் இறங்கிவிடுகிறது. பிளான் அப்ரூவல் என்பதே காசு பறிக்கும் ஏற்பாடு, விவரம் தெரிந்தவன் அதைத் தவிர்ப்பான் என்ற நம்பிக்கை படித்தவர்களிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறு. ஆள் உயிரைக் குடிக்கக்கூடிய தவறு.

வேலை எங்கிருந்து தொடங்குகிறது என்று பாருங்கள். மொட்டைமாடியில் பல வருடங்களாக ஒரு ஆஸ்பெஸ்டாஸ் சீட் கொட்டகை இருக்கும். போர்ஷன் எடுக்க வேண்டுமானால் முதலில் அது இறங்க வேண்டும். சீட்டைப் பிடித்திருக்கும் கொக்கி போல்ட்டுகள் துருவேறி இறுகியிருக்கும். கழற்ற நேரம் பிடிக்கும். எனவே சம்மட்டியால் ஒரே போடு. சீட் நாலைந்து துண்டாகிறது, துண்டுகள் மாடியிலிருந்து கீழே வீசப்படுகின்றன, விழுந்த இடத்தில் மேலும் நொறுங்குகின்றன. சித்தாள் வேலைக்கு வந்த பெண் அந்தத் தூளைத் துடைப்பத்தால் கூட்டிச் சட்டியில் அள்ளுகிறார். முகத்தில் கட்டியிருப்பது சேலைத் தலைப்பு. எதிர்வீட்டுக் குழந்தை வாசலில் விளையாடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தூளில் இருப்பது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மூச்சில் போனால் நுரையீரலின் அடி ஆழம்வரை இறங்கும், உடம்பால் அதைக் கரைக்க முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, கூரைச் சீட்டில் கலக்கும் வெள்ளைக் கல்நார் உட்பட எல்லா வகைக் கல்நாரையும் மனிதர்களுக்குப் புற்றுநோய் தருபவை என்று உறுதிசெய்து முதல் பிரிவில் வைத்திருக்கிறது. நுரையீரல் புற்று வரும். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும் மீசோதீலியோமா வரும். பெரும்பாலும் இருபது முதல் நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் வெளியே தெரியும். இன்று சீட்டை உடைத்த இளைஞன் ஐம்பது வயதில் மூச்சு வாங்கி மருத்துவமனைக்குப் போகும்போது, எந்த வீட்டு மாடியில் அது உள்ளே போனது என்று யாராலும் சொல்ல முடியாது. வேலைக்குப் போன கணவனின் துணியைத் துவைத்ததாலேயே நோய் வாங்கிய மனைவிமார்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் பல நாடுகளில் உண்டு.

“ஆபத்து என்றால் அரசே தடை செய்திருக்காதா?” என்று கேட்பார்கள். ஆஸ்திரேலியா 2003 முடிவிலும் ஐரோப்பிய ஒன்றியம் 2005-லும் தடை செய்துவிட்டன. இந்தியாவோ இறக்குமதியை அனுமதித்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்து வருகிறது. இலங்கையில் நடந்ததைப் பாருங்கள். கல்நாரைப் படிப்படியாகத் தடுக்க அந்த அரசு முடிவெடுத்திருந்தது. 2017 டிசம்பரில், தேயிலைச் சரக்கில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களிலேயே கல்நார்க் கட்டுப்பாட்டை இலங்கை தற்காலிகமாகத் தளர்த்தியது. ஒரு பொருள் கடையில் கிடைப்பதற்கு அது பாதுகாப்பானது என்பது காரணமாக இருக்க வேண்டியதில்லை. வியாபாரமும் காரணமாக இருக்கலாம்.

சீட் வெடிப்பில்லாமல் இருக்கும்வரை இழை சிமெண்டுக்குள் கட்டுண்டுதான் கிடக்கும். உடைக்கும்போதும், அறுக்கும்போதும், வெயிலிலும் மழையிலும் பொரிந்துபோகும்போதும் அவிழ்ந்துவிடும். எனவே கூரையில் வெடிப்போ பொரிவோ இல்லாமல் சும்மா இருக்கும் சீட்டைக் கண்டு பயப்பட வேண்டாம். அதை இறக்கும் விதத்தைக் கண்டு பயப்படுங்கள். தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். போல்ட்டை வெட்டி, சீட்டை முழுசாக இறக்க வேண்டும். சீட்டின்மேல் கட்டிங் மெஷின் கூடாது, உலர்ந்த தூளைக் கூட்டக் கூடாது. இறக்கியதைத் தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்றுச் சுற்றி ஒட்ட வேண்டும். மேலே ஏறுபவருக்கு நுண்துகளைத் தடுக்கும், முகத்தோடு பொருந்தும் முகக்கவசம் வேண்டும். உடைந்த துண்டுகளை பேஸ்மென்ட் நிரப்பப் போடுவது பெருங்கேடு. அடுத்து அங்கே தோண்டுபவன் அதைச் சுவாசிப்பான்.

பழைய கதவு, ஜன்னல் பெயிண்டும் இப்படித்தான். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயிண்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் பறப்பது ஈயத்தூளாக இருக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் அதைச் செய்யவே கூடாது.

இதற்கும் அனுமதிக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அனுமதி கேட்டால்தான் பொறியாளர் ஒருவர் அந்த மாடியைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். பில்லர் இல்லாத பழைய செங்கல் சுவர் இன்னொரு தளத்தைத் தாங்குமா, மின்கம்பி எவ்வளவு அருகில் போகிறது என்று அவர் பார்த்தாக வேண்டும். 11 ஆயிரம் வோல்ட் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது விதி. மேஸ்திரியிடம் அதைக் கேட்பவர் யார்?

மௌலிவாக்கத்தை எடுத்துக்காட்டுவார்கள். 2014 ஜூன் 28 அன்று இடிந்து 61 பேரைக் கொன்ற அந்த 11 மாடிக் கட்டடத்துக்கு அனுமதி இருந்ததே என்பார்கள். இருந்தது. காகிதத்தோடு நின்றுவிட்ட அனுமதி என்ன செய்யும் என்பதைத்தான் அது காட்டியது. பரிசோதனை ஓட்டையாக இருந்தால் பரிசோதனையையே ஒழித்துவிட வேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்? லஞ்சத்தைப் பற்றிய கோபம் நூற்றுக்கு நூறு சரி, நானும் அதில் சேர்ந்தவன். சிறு வீடுகளுக்கு 2024-ல் சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை புதிதாகக் கட்டுபவர் ஆன்லைனிலேயே அனுமதி பெறலாம். பழைய வீட்டின் மேல் தளம் சேர்ப்பவருக்கும் அதே எளிமையைக் கேட்டுப் போராடுவோம். ஆனால் அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி கட்டாயம் இருக்க வேண்டும்: இடிக்கப்போகும் இடத்தில் கல்நார்ச் சீட் உண்டா, யார் இறக்குகிறார்கள், எங்கே போகிறது?

அந்த ‘எங்கே’வுக்குப் பதில் சொல்ல வேண்டியது மாநகராட்சிகள். சுற்றிக் கட்டிய சீட்டுகளை வாங்கிப் பாதுகாப்பாகப் புதைக்க ஒவ்வொரு ஊரிலும் இடம் ஒதுக்குங்கள். வீட்டுக்காரர்களே, அதுவரை உங்கள் மாடிச் சீட்டின்மேல் சம்மட்டி விழ விடாதீர்கள். முழுசாக இறக்க ஆகும் கூடுதல் கூலியை எஸ்டிமேட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.