பலகையில் மீட்டர், பாரத்தில் அடி

விளாத்திகுளம் பக்கம் கரி மூட்டை ஏற்றும் லாரியில் பாரம் கேபின் மட்டத்தோடு நிற்பதில்லை. கரிக்கு எடை குறைவு. வாடகை கட்டுப்படியாக வேண்டுமென்றால் மேலே மேலே அடுக்கத்தான் வேண்டும். பருத்திக்கும் வைக்கோலுக்கும் இதே கணக்குதான். தார்ப்பாய் போர்த்தி, கயிறு இறுக்கி, லோடுமேன் இறங்கியதும் வண்டி கிளம்பிவிடுகிறது. தரையிலிருந்து உச்சிவரை அளந்து பார்க்கும் வழக்கம் இல்லை.

கோவில்பட்டி இளையரசனேந்தல் சாலையில் இருப்பதுபோல ரயில் பாதைக்கு அடியில் நுழையும் வழி எதுவானாலும், உயரத்தைச் சொல்ல விதிப்படி உள்ளது ஒரு வட்டப் பலகை. சிவப்பு வளையம், நடுவில் மீட்டரில் ஓர் எண், அதன் மேலும் கீழும் கருப்பு முக்கோணம். முக்கோணங்கள் இடமும் வலமுமாக இருந்தால் அது அகல வரம்பு. வித்தியாசம் அவ்வளவுதான். ஓட்டுநர் எண்ணைப் படித்துவிடுவார். ஆனால் தன் வண்டி அன்றைக்கு எத்தனை மீட்டர் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஏற்றிய இடத்தில் பேச்செல்லாம் அடிக் கணக்கில்தான் நடந்தது.

வண்டி சிக்கினால் பழி மட்டும் ஓட்டுநர் தலையில் விடிகிறது. இது நியாயமில்லை.

பிரிட்டனில் நெட்வொர்க் ரெயில் நிறுவனம் விசாரித்தபோது, 43 சதவீத லாரி ஓட்டுநர்கள் வண்டியின் உயரத்தை அளக்காமலே புறப்படுவதாக ஒப்புக்கொண்டார்கள். அமெரிக்காவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல ரயில் பாலத்துக்கு முன்னால் உயரத்தைக் கண்டறியும் கருவியும் மின்விளக்குப் பலகையும் வைத்தும் மோதல் ஓயாமல், 2019-இல் பாலத்தையே 8 அங்குலம் தூக்கினார்கள். அதன் பிறகும் வண்டிகள் இடிக்கின்றன. 2022 நவம்பரில் கொச்சியிலிருந்து ஹைதராபாத்துக்கு டிரெய்லரில் போன பழைய விமானம் ஆந்திரத்தின் பாபட்லா மாவட்டத்தில் சுரங்கப்பாதையில் மாட்டிக்கொண்டது. பலகையை மட்டும் நட்டுவிட்டுக் கையைக் கழுவ முடியாது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம்.

பலகையின் எண்ணே தவறிப்போவதும் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதிது போட்டால் ஒவ்வொரு முறையும் தரை உயர்கிறது, பாலம் உயர்வதில்லை. திரும்ப அளந்து எழுதாவிட்டால் பழைய எண்ணை நம்பி நுழைந்தவர்தான் குற்றவாளி.

வரம்பு மீறி உயரமாக ஏற்றினால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில், சரக்கு வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி நீக்கப்பட்டது. ஏழைப் பிள்ளைகளுக்கு வேலை தந்த நல்ல முடிவு அது. அப்படியானால், அதிகம் படிக்காதவருக்கும் சட்டென்று விளங்கும்படி எச்சரிப்பது அரசின் கடமையல்லவா?

செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. பாரத்தோடு லாரி நிற்கிற எடைமேடை ஒவ்வொன்றிலும் அடியும் மீட்டரும் குறித்த கம்பம் ஒன்று நட வேண்டும்; எடைச்சீட்டிலேயே உயரத்தையும் எழுதித் தர வேண்டும். எச்சரிக்கைப் பலகையையும் தொங்கும் கம்பியையும் பாலத்தின் வாசலில் வைத்துப் பயனில்லை. லாரி திரும்பி வேறு வழி பிடிக்கக்கூடிய கடைசி முக்கில் வைக்க வேண்டும். தார் போடும் ஒப்பந்தத்தில், போட்டு முடித்ததும் பாலத்தடி உயரத்தை அளந்து பலகையைத் திருத்துவதும் ஒரு நிபந்தனையாக வேண்டும்.

ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இதைத் தன் அடுத்த கூட்டத்திலேயே எடுக்க வேண்டும். நெடுஞ்சாலைத் துறையும் ரயில்வேயும் ஒன்றையொன்று கைகாட்டாமல் சேர்ந்து போய் அளக்கட்டும். கரிசல் காட்டு அறுவடைப் பாரம் சாலைக்கு வருவதற்குள் முதல் கம்பம் விளாத்திகுளத்து எடைமேடையில் நிற்கட்டும்.