பெயர் பெற்ற யானையும் பெயரற்ற பாகனும்

இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலுள்ள அக்பர்நாமா ஓவியப் பிரதியில், இரு பக்கங்களில் விரியும் ஒரு காட்சியை இந்திய ஓவிய வரலாறு பயில்வோர் அறிவர். 1561இல் ஆக்ராவில், ஹவாய் என்னும் யானைமீது அமர்ந்த அக்பர், ரண்பாகா என்னும் மற்றொரு யானையைத் துரத்தியபடி யமுனையின் படகுப் பாலத்தைக் கடக்கிறார். பாரம் தாங்காமல் படகுகள் அமிழ்கின்றன. காட்சியை அமைத்தவர் பசாவன்; வண்ணம் தீட்டியவர் சேதர். ஓர் அரசர், இரண்டு யானைகள், இரண்டு ஓவியர்கள் என ஐந்து பெயர்கள் நமக்குக் கிடைக்கின்றன. அவ்யானைகளை நாள்தோறும் பேணிய பாகர்களின் பெயர்கள் அவ்வரிசையில் இல்லை.

இவ்வோவியத்தில் அக்பர் அம்பாரியில் அமரவில்லை. யானையின் கழுத்தில் அமர்ந்திருக்கிறார். அது பாகனின் இருக்கை. அரசரின் வீரம் என்று ஓவியம் போற்றுவது, உண்மையில் பாகனின் தொழில்திறனையே. தன்னிடமிருந்து கற்றுக்கொள்ளப்பட்ட கலைக்குரிய புகழில் பாகனுக்குப் பங்கில்லை.

பாகர்களை அரசவை அறியாதிருந்தது என்று சொல்லவும் இயலாது. அபுல் ஃபசலின் அயினி அக்பரி யானைகளை ஏழு வகைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய ஆட்களைக் கணக்கிடுகிறது. கழுத்தில் அமரும் மாவுத்தன், பின்புறம் அமரும் போய், தீனி கொணரும் மேத் என வேலைப் பிரிவினையையும் ஊதியத்தையும் குறிக்கிறது. அரசருக்குரிய யானை இறந்துவிட்டால் போய்களுக்கு மூன்று மாத ஊதியம் தண்டம் என்றும் விதிக்கிறது. தண்டம் விதிக்கும் அளவுக்கு அறியப்பட்டவன், பெயர் எழுதும் அளவுக்கு மதிக்கப்படவில்லை.

பணியாளரின் பெயரை எழுதும் வழக்கம் அக்காலத்தில் இல்லை, இன்றைய அளவுகோலை அன்றைக்குப் பொருத்தலாகாது என்று சிலர் மறுக்கக்கூடும். ஆனால் ஓவியர்களும் ஊதியம் பெற்ற அரசவைப் பணியாளர்களே. அவர்கள் பெயர்களைப் பக்க ஓரத்தில் குறித்த எழுத்தர்கள் இருந்தனர். ஆகவே பாகனின் பெயரின்மையைக் காலத்தின் இயல்பு என்று தள்ளிவிட முடியாது. எவருடைய அறிவு கலை, எவருடையது வெறும் உழைப்பு என்று அரசவை செய்த தேர்வு அது.

அத்தேர்வை நாம் இன்றும் தொடர்கிறோம். யானைப் பித்து மிகுந்த கேரளத்தில் குருவாயூர் கேசவனை அறியாதவர் அரிது. அதன் பாகர்களைச் சொல்லக்கூடியவர் அதனினும் அரிது. இங்கே கல்பாத்தியில் ஐப்பசித் தேரின்போது, பின்னின்று தேரை உந்தித் தள்ளும் யானையைக் காணக் கூட்டம் திரள்கிறது. நெருங்கிய அக்கிரகாரத் தெருவில், அத்தனை மக்களுக்கிடையே, எப்போது தள்ளுவது, எப்போது நிறுத்துவது என்று அந்த விலங்குக்கு உணர்த்துபவர் பாப்பான். படமெடுப்போரின் சட்டகத்தில் அவர் பாதி உடலாகவே எஞ்சுகிறார்.

கலை வரலாற்றாய்வாளர் செய்யக்கூடியவை சில உண்டு. இழந்த பெயர்களை மீட்க இயலாது; ஆனால் ஓவியத்தில் பாகனின் உடல் சொல்வதைப் படிக்க இயலும். காதுக்குப் பின்னே கால்விரல் அழுந்தும் இடம், கழுத்துக் கயிற்றின் முடிச்சு, தோட்டியைப் பிடித்திருக்கும் விதம் ஆகியவற்றை அட்டவணைக் குறிப்புகளில் பதிவுசெய்ய வேண்டும். அவற்றைப் படித்துச் சொல்லத் தகுதியானவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். சங்க நூல்களில் அங்குசத்தைக் குறித்த ‘தோட்டி’ என்னும் சொல் கேரளப் பாப்பான்மாரின் நாவில் இன்னும் வழங்குகிறது. கேரளத்தோடு தொடர்புடைய மாதங்கலீலை என்னும் வடமொழி நூலும் பாகரின் இயல்புகளைத் தனியே பேசுகிறது. நூலையும் ஓவியத்தையும் வைத்துக்கொண்டு பாகரோடு அமர்ந்து உரையாடும் ஆய்வுகள் நமக்குத் தேவை. அவ்வாறு எழுதப்படும் கட்டுரைகளில், அவர்கள் இசைந்தால், ‘தகவலாளி’ என்று சுருக்காமல் அவர்களின் பெயர்களையே எழுதுவோம். அரசவை எழுத்தர் ஓவியருக்குச் செய்ததை நாம் பாகருக்குச் செய்யத் தடை ஏதுமில்லை.