கல்லட்டிப் பாதையும் காட்டுக் குடிகளும்

ஊட்டியிலிருந்து தலைகுந்தா வழியாகக் கல்லட்டியில் இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு குளிர் குறையும். கீழே வந்ததும் முட்காடும் மூங்கிலும். மசினகுடி தாண்டித் தெப்பக்காடு சேர்ந்தால் முதுமலை. மாயாற்றங்கரையில் முகாம் யானைகள் நிற்கும். அழகான பாதைதான், மறுப்பதற்கில்லை. ஆலைத் தொழிலாளியும் பெண்டு பிள்ளைகளோடு போய்ப் பார்க்கட்டும். மலையழகு பணக்காரன் வீட்டுச் சொத்தா என்ன?

ஆனால் காரில் போகிறவர் கண்ணில் படாத ஜனங்கள் அங்கே உண்டு. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர். 1940-ல் வெள்ளைக்காரன் சர்க்கார் இக்காட்டைச் சரணாலயமாக்கியது. 2007-ல் அது புலிகள் காப்பகமாயிற்று. பிறகு வந்தது பேரம்: குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய், காட்டை விட்டுப் போ! எழுத்தறியாத அந்த ஜனங்களின் பணத்தில் தரகர்கள் கை வைத்த கதை பத்திரிகைகளிலேயே வந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? பார்லிமெண்டில் இடதுசாரிகள் வற்புறுத்தி நிறைவேறிய 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம், முதலில் உரிமையை அங்கீகரி என்கிறது. கிராம சபையின் எழுத்து மூலமான சம்மதமின்றி யாரையும் இடம் மாற்றக் கூடாது என்கிறது. தமிழ்நாட்டிலோ 2008-ல் விழுந்த கோர்ட் தடையால் 2016 வரை பட்டா வழங்குவதே முடங்கிக் கிடந்தது.

இனி சொகுசு விடுதிக்காரரைப் பாருங்கள். மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தை மறித்துக் கட்டியவர்களுக்கு எதிராக 2011-ல் சென்னை ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. பெரிய வக்கீல்களை வைத்து வழக்காடினார்கள். 2020 அக்டோபரில்தான் சுப்ரீம் கோர்ட் அதை ஊர்ஜிதம் செய்தது. அவர்களுக்கு ஒன்பது வருஷ அவகாசம்! பணியனுக்கு வாய்த்தவன் தரகன்.

“அப்படியானால் புலியும் யானையும் அழியட்டுமா?” என்று கேட்பார்கள். காட்டை அழித்தது குடிசைவாசியா, தேயிலைக்கும் தேக்குக்கும் அதை வெட்டிய துரைமார்களா? சமவெளியில் நம் வயலில் காட்டு யானை புகுந்தால் விரட்டத் தெப்பக்காட்டிலிருந்து கும்கி வருகிறதே, அதன் கழுத்தில் உட்கார்ந்து வருகிறவர் யார்? அதே ஆதிவாசி மாவுத்தர்தான்.

பட்டா வழங்கும் மாவட்டக் குழுவுக்குக் கலெக்டரே தலைவர். கிராம சபைகளைக் கூட்டட்டும். நிலுவையிலுள்ள மனுக்களை ஜனங்கள் முன்னிலையில் வாசிக்கட்டும். அது முடியும்வரை ஒரு குடும்பத்தையும் அசைக்கக் கூடாது.